1966 அலியையும் இன்றைய உசிக்கையும் ஒரே ரிங்கில் ஏற்றினால் என்ன ஆகும்?

வடபழனிக்காரன்:

எங்கள் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்ச நாளாக பாக்சிங் பற்றி ஒரே வாக்குவாதம்: பழைய சாம்பியன்கள் பெரியவர்களா, இன்றையவர்களா என்று. நடுவர் கிடைக்காததால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

பக்கத்து சீட்டுக்காரர் ஜிம்முக்குப் போகிறவர், எதையும் எடை போட்டுப் பார்க்கிறவர். அவர் கட்சி இதுதான்: பழைய ஹெவிவெயிட் சாம்பியன்கள் இன்று ஹெவிவெயிட்டே கிடையாது. ராக்கி மார்சியானோ 5 அடி பத்தரை அங்குலம், 185 பவுண்ட் சொச்சம். இன்றைய கணக்கில் அது குரூசர்வெயிட், ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே உள்ள எடைப் பிரிவு. ஜோ லூயிஸ் 200 பவுண்டைச் சுற்றியே இருந்தார். 1966-இல் முகமது அலி 210 பவுண்டைக் கொஞ்சம் தாண்டியவர், அவ்வளவுதான். இந்தப் பக்கம் டைசன் ஃபியூரி 6 அடி 9 அங்குலம்; 2024 மே மாதம் ரியாத்தில் உக்ரைன் வீரர் உசிக்கோடு மோதியபோது 262 பவுண்ட். "அலி தலையைப் பின்னால் சாய்ப்பார், சரி. ஃபியூரியின் கை அங்கேயும் வருமே?" என்று கேட்கிறார்.

கூடவே ஓட்டப்பந்தயத்தையும் இழுக்கிறார். 1936-இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நூறு மீட்டரை 10.3 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார், உசேன் போல்ட் 9.58-க்குக் கொண்டுவந்துவிட்டார். எல்லா விளையாட்டிலும் மனிதன் முன்னே போகும்போது பாக்சிங்கில் மட்டும் எப்படி 1966 ஆள் பெரியவனாக இருப்பான் என்று கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை. நான் அலி பக்கம். ஆனால் என் பக்கத்து வாதம் எல்லாம் "நீங்கள் பழைய சண்டைகளைப் பாருங்கள் சார்" என்பதைத் தாண்டவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவர் வீடியோ கேமில் அலியையும் ஃபியூரியையும் கம்ப்யூட்டரே ஆடும்படி விட்டு, ஒன்பதாவது ரவுண்டில் அலி விழுந்ததைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

காலம் விட்டுக் காலம் ஒப்பிட நேர்மையான வழி ஏதாவது இருக்கிறதா? 1966 அலியும் இன்றைய ஒலெக்சாண்டர் உசிக்கும் மோதினால் யார்? சும்மா பெயர் மட்டும் போடாமல் காரணத்தோடு சொல்லுங்கள்.


இரும்பு மைக்:

இதற்கு இவ்வளவு நீளமா? பதில் 1988 மைக் டைசன். மைக்கேல் ஸ்பிங்க்ஸ் அதுவரை தோற்றதே இல்லை, லாரி ஹோம்ஸை இரண்டு முறை ஜெயித்தவர். அவரை 91 விநாடியில் அனுப்பிவிட்டார். 20 வயதில் சாம்பியன். 5 அடி 10 அங்குலம்தான், உயரமானவர்களைப் பார்த்துப் பார்த்து அடித்தார். அலி, உசிக், ஃபியூரி யாராக இருந்தாலும் முதல் நான்கு ரவுண்டைத் தாண்ட மாட்டார்கள். திரியை மூடலாம்.


பழைய கிளவுஸ்:

திரியை மூட வேண்டாம், கொஞ்சம் பேசுவோம். நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இளவயதில் மாநில அளவில் ஆடினேன், பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. இப்போது சாயங்காலங்களில் வடசென்னையில் ஒரு ஷெட்டில் பையன்களுக்குக் கார்டு, அதாவது தற்காப்புக் கை, பிடிக்கவும் கால் வைக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். தம்பியின் கேள்விகளை எனக்குத் தோன்றும் வரிசையில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த வீடியோ கேம். இது புது வியாதி இல்லை. 1967-இல் அமெரிக்காவில் மரே வோரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் எல்லாக் காலத்து ஹெவிவெயிட்களின் புள்ளிவிவரத்தையும் அன்றைய கம்ப்யூட்டரில் போட்டு நாக் அவுட் முறையில் ஒரு போட்டி நடத்தினார். அதில் அலி, 1910-இல் ஜாக் ஜான்சனிடம் அடிவாங்கின ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக வந்தது! அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். சமரசமாக இன்னொரு ஏற்பாடு: அலியும் மார்சியானோவும் நிஜமாகவே ரிங்கில் ஏறி நடித்துக் கொடுப்பது, முடிவைக் கம்ப்யூட்டர் சொல்வது. 1969-இல் மயாமியில் ஒரு மூடிய அறைக்குள் படம் பிடித்தார்கள். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம் ஆன மார்சியானோ எடையைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். பல விதமான முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டியபோது பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். அந்தந்த ஊருக்கு எது ஓடுமோ அது. எந்த முடிவு வந்தது என்று தெரிவதற்கு முன்பே, 1969 ஆகஸ்ட் 31 அன்று, மார்சியானோ விமான விபத்தில் போய்விட்டார். உங்கள் நண்பரின் போனில் இருப்பதும் இதே சரக்குதான்.

அடுத்தது ஓட்டப்பந்தயம். நூறு மீட்டரில் எதிரே நிற்பது கடிகாரம். அது உங்களை ஏமாற்றாது, கட்டிப்பிடிக்காது, உடம்பில் குத்திக் காலை இழுக்க வைக்காது. பாக்சிங்கில் பெரும்பகுதி அனுபவம், அது சண்டை போட்டுத்தான் வரும். 1966-இல் மட்டும் அலி ஐந்து முறை பட்டத்தைக் காத்தார்: டொரொன்டோவில் ஜார்ஜ் சுவாலோ, லண்டனில் ஹென்றி கூப்பர், அங்கேயே பிரையன் லண்டன், பிராங்ஃபர்ட்டில் கார்ல் மில்டன்பெர்கர், ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸ். மார்ச்சிலிருந்து நவம்பருக்குள் ஐந்து. இன்றைய சாம்பியன் வருஷத்துக்கு இரண்டு ஆடினால் பெரிய விஷயம். உணவு, மருத்துவம், பளு பயிற்சி எல்லாம் இன்று எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் ரிங்குக்குள் இருந்து கற்ற மணிநேரம் பழையவர்களிடம் அதிகம்.

எடைக்கு வருவோம். உங்கள் நண்பர் பாதி சரி. பெரிய உடம்பு அந்தக் காலத்திலும் இருந்தது. பிரைமோ கர்னேரா 260 பவுண்ட். 1935-இல் யாங்கி ஸ்டேடியத்தில் ஜோ லூயிஸ் 200-க்கும் குறைந்த எடையோடு அவரை ஆறு ரவுண்டில் முடித்தார். 1942 ஜனவரியில் ஆறரை அடி பட்டி பேர் ஒரு ரவுண்டுகூடத் தாங்கவில்லை. ஆனால் இவர்கள் கனமானவர்களே தவிர கெட்டிக்காரர்கள் இல்லை. பெரிய உடம்பும் நல்ல பாக்சிங் கல்வியும் ஒரே ஆளிடம் சேர்ந்தது லெனாக்ஸ் லூயிஸ், கிளிச்கோ சகோதரர்கள் காலத்தில்தான். அந்த வகை ஆளை ஜோ லூயிஸ் சந்தித்ததே இல்லை. மார்சியானோவை நான் எவ்வளவு மதித்தாலும், 49-க்கு 49 ஜெயித்தவர் என்றாலும், 68 அங்குலக் கை நீட்டத்தை வைத்துக்கொண்டு லெனாக்ஸ் லூயிஸின் 84 அங்குலத்துக்குள் நுழைவார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மார்சியானோ ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அலி விஷயம் வேறு. 1964-இல் மயாமியில் அவர் ஜெயித்த சானி லிஸ்டன் ஆறடி ஓர் அங்குலம்தான், ஆனால் கை நீட்டம் 84 அங்குலம். லெனாக்ஸ் லூயிஸுக்கு இருந்த அதே நீளம். அலி தலையைச் சாய்த்துத் தப்பியது சின்னக் கையிலிருந்து அல்ல. எர்னி டெரல் 6 அடி 6 அங்குலம். 1967-இல் பதினைந்து ரவுண்டு அவரை அலி படுத்திய பாடு தெரிந்ததே.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, நேர்மையான வழி. நான் பார்ப்பது இரண்டு காலத்திலும் ஆடியவர்களை. லாரி ஹோம்ஸ் 1978-இல் கென் நார்ட்டனிடம் பதினைந்து ரவுண்டு ஆடிப் பட்டம் வாங்கியவர். பதினான்கு வருஷம் கழித்து, 1992 பிப்ரவரியில், 42 வயதில் அட்லாண்டிக் சிட்டியில் ரே மெர்சரைச் சந்தித்தார். மெர்சர் சியோல் ஒலிம்பிக் தங்கம், அதுவரை தோல்வி கிடையாது. ஹோம்ஸ் மூலையில் சாய்ந்து நின்றுகொண்டு, அவரோடு பேசிக்கொண்டே பாடம் நடத்தினார். மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்குக் கொடுத்தார்கள். அதே மெர்சர் 1996-இல் லெனாக்ஸ் லூயிஸோடு பத்து ரவுண்டு ஆடி, மயிரிழையில் தோற்றார். ஜார்ஜ் ஃபோர்மன் 1974-இல் கின்ஷாசாவில் அலியிடம் விழுந்தவர். 1991-இல் 42 வயதில் அன்றைய சாம்பியன் ஹோலிஃபீல்டோடு பன்னிரண்டு ரவுண்டும் நின்றார். 1994-இல் 45 வயதில், அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரோடு வந்து, மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் படுக்க வைத்து மறுபடி சாம்பியன் ஆனார். எழுபதுகளின் ஆட்கள் வயதான பிறகும் தொண்ணூறுகளில் செல்லுபடியானார்கள்.

ஆனால் இதை வைத்து, இவர் அவரை ஜெயித்தார், அவர் இன்னொருவரை ஜெயித்தார் என்று சங்கிலி கட்டிவிடாதீர்கள், தம்பி. ஃபோர்மன் 1973-இல் கிங்ஸ்டனில் ஜோ பிரேசியரை இரண்டு ரவுண்டில் ஆறு முறை விழத் தட்டினார். நார்ட்டனையும் இரண்டே ரவுண்டில் முடித்தார். அந்த இருவரிடமும் அலி படாத பாடு பட்டார், இருவரிடமும் தோற்றும் இருக்கிறார். பிறகு அந்த ஃபோர்மனை அலி எட்டாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். ஒருவருடைய தரம் என்ன என்று சங்கிலி காட்டும். இன்னாரை இன்னார் ஜெயிப்பார் என்பதைக் காட்டாது. அதற்கு யாருக்கு எந்த மாதிரி ஆள் ஆகாது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எந்த அலி என்று சொல்லாமல் பேசுவதில் அர்த்தமில்லை. நீங்கள் 1966 என்று வருஷம் போட்டது எனக்குப் பிடித்தது. 1980 ஜனவரியில் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை, முதல்வர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். மாமா கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நானும் நின்றேன். எங்கள் பேட்டையில் இன்றைக்கும் "அலியை நேரில் பார்த்தவன்" என்று மீசை முறுக்குகிற பெரிசுகள் உண்டு. நாங்கள் பார்த்தது 38 வயதான, ஓய்வு அறிவித்துவிட்டு எடை போட்டிருந்த ஒரு மனிதரை. எல்லிஸும் அலியும் ஒரே லூயிவில் ஊர்க்காரர்கள், 1971-இல் நிஜமாகவே மோதி எல்லிஸ் பன்னிரண்டாவது ரவுண்டில் தோற்றவர், ஆகவே சென்னையில் நடந்தது இரண்டு பழைய நண்பர்களின் விளையாட்டு. அதே வருஷம் அக்டோபரில் ஹோம்ஸ் அலியைப் பத்து ரவுண்டு அடித்தார். பதினோராவது ரவுண்டுக்கு அனுப்ப அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி மறுத்துவிட்டார். அந்த அலியை இன்றைய தேதியில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். 1966 அலி வேறு உடம்பு, வேறு கால்.


வடபழனிக்காரன்:

நன்றி அண்ணா. கம்ப்யூட்டர் கதையை நாளைக்கே சாப்பாட்டு மேஜையில் இறக்குகிறேன். ஆனால் உசிக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நழுவக் கூடாது.


கிள்ளான்வாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் சென்னையைச் சொன்னார், எங்கள் ஊருக்கு அலி நிஜச் சண்டைக்கே வந்தார். 1975 ஜூலை 1, கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியம், எதிரே ஜோ பக்னர். என் அப்பா தோட்டத்திலிருந்து கூட்டாளிகளோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். சண்டையைப் பற்றி அவர் சொல்வது கொஞ்சம், வெயிலைப் பற்றிச் சொல்வதுதான் நிறைய. "சும்மா உட்கார்ந்திருந்த நாங்களே நனைந்துவிட்டோம், அவங்க பதினைந்து ரவுண்டு ஆடுனாங்கடா" என்பார்.

அந்தப் பதினைந்து ரவுண்டை யாரும் பேசவில்லையே என்றுதான் வந்தேன். உலகப் பட்டத்துக்குப் பதினைந்து ரவுண்டு என்பது எண்பதுகளில் போய்விட்டது. 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக் கூ, ரே மன்சினியோடு ஆடிய சண்டைக்குப் பிறகு இறந்துபோனார். அதிலிருந்து ஒவ்வொரு அமைப்பாகப் பன்னிரண்டுக்கு இறங்கின. உயிர் விஷயம், சரியான முடிவுதான். ஆனால் உடம்புக் கணக்கு அதோடு மாறிவிட்டது. முப்பத்தாறு நிமிஷம் போதும் என்றால் 250, 260 பவுண்டைத் தூக்கிக்கொண்டு வரலாம். நாற்பத்தைந்து நிமிஷம் என்றால் அவ்வளவு சதைக்குக் காற்று போதாது. ஃபியூரி இன்னும் மூன்று ரவுண்டு ஆட வேண்டும் என்று சட்டம் இருந்திருந்தால் 262-இல் வந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்.

பக்னருக்குப் பிறகு மூன்று மாதம் கழித்து அலி மணிலாவில். காலை பத்தே முக்காலுக்குச் சண்டை, அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக. கூரைக்குக் கீழே அனல். பதினான்கு ரவுண்டு முடிந்ததும் பிரேசியருக்குக் கண் தெரியவில்லை என்று அவருடைய பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் நிறுத்திவிட்டார். அங்கே ஜெயித்தவரும் நிற்க முடியாமல்தான் ஜெயித்தார். பழைய பட்டச் சண்டைகளில் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தாவது ரவுண்டில் தலைகீழான முடிவுகள் எத்தனை என்று பாருங்கள். 1952-இல் மார்சியானோ ஜெர்சி ஜோ வால்காட்டிடம் மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டையிலும் பின்தங்கியிருந்து பதின்மூன்றாவதில் ஒரே வலதுகையில் பட்டம் வாங்கினார். 1941-இல் பில்லி கான் பன்னிரண்டு ரவுண்டு ஜோ லூயிஸைச் சுற்ற வைத்துவிட்டுப் பதின்மூன்றாவதில் விழுந்தார். இன்றைய சட்டத்தில் வால்காட் சாம்பியனாகவே வீட்டுக்குப் போயிருப்பார், கானுக்குப் பட்டம் கிடைத்திருக்கும்.

ஆகவே ரிங்கில் ஏற்றுவதற்கு முன்னால் யாருடைய சட்டம் என்று சொல்லிவிடுங்கள். 1919-இல் ஜாக் டெம்சி ஆறரை அடி ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை தள்ளினார் என்று சொல்கிறார்கள். விழுந்தவர் எழும்போதே பக்கத்தில் நின்று அடிக்கலாம் என்ற காலம் அது. இன்றைய நடுவர் டெம்சியை இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்கு அனுப்பியிருப்பார், பாதியிலேயே சண்டையையும் நிறுத்தியிருப்பார்.


இரும்பு மைக்:

எல்லாரும் சேர்ந்து டைசனை மறந்துவிட்டீர்கள். அண்ணன் புகழ்ந்து தள்ளிய அதே ஹோம்ஸை 1988 ஜனவரியில் டைசன் நான்காவது ரவுண்டில் முடித்தார். ஹோம்ஸை அதற்கு முன்பும் பின்பும் யாரும் நாக் அவுட் செய்ததில்லை. இதற்கு என்ன சொல்வீர்கள்? பதினைந்து ரவுண்டு, வெயில் எல்லாம் டைசனுக்குத் தேவைப்படாது பாஸ், அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறவர்.


பழைய கிளவுஸ்:

மைக் தம்பி சொன்னது உண்மை, ஹோம்ஸை அப்படி முடித்தவர் டைசன் ஒருவர்தான். அப்போது ஹோம்ஸுக்கு 38 வயது, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ரிங் ஏறாமல் வந்திருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மற்றபடி டைசனின் முதல் நான்கு ரவுண்டு யாருக்கும் ஆபத்து. அலிக்கு இன்னும் ஆபத்து, ஏனென்றால் அலிக்கு ஆகாத குத்து இடது ஹூக். 1962-இல் சானி பேங்க்ஸ், 1963-இல் ஹென்றி கூப்பர், 1971-இல் பிரேசியர்: மூன்று பேரும் அலியைக் கீழே உட்கார வைத்தது இடது ஹூக்கால். தலையை நேராகப் பின்னால் இழுப்பார், வலதுகை தாழ இருக்கும், ஹூக் வளைந்து வந்து தாடையைப் பிடிக்கும். என்னிடம் பழகும் பையன்கள் அலியைப் பார்த்து அதைச் செய்தால் நான் திட்டுவேன். அவருக்கு இருந்த கண் எல்லாருக்கும் வராது.

கிள்ளான் தம்பியின் ரவுண்டுக் கணக்கு முக்கியமானது, அதை வைத்தே உசிக்குக்கு வருகிறேன். நழுவவில்லை.

1966 அலி என்றால் எல்லாரும் நவம்பர் மாத ஹூஸ்டன் சண்டையைக் காட்டுவார்கள், கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டில் முடித்தது. அழகான ஆட்டம்தான். ஆனால் வில்லியம்ஸ் அதற்கு இரண்டு வருஷம் முன்பு போலீஸ்காரர் சுட்ட குண்டு வயிற்றில் பாய்ந்து, ஒரு சிறுநீரகத்தை இழந்து திரும்பியவர். அவரை வைத்து அலியை அளப்பது நியாயமில்லை. நான் பார்க்கச் சொல்வது அதற்கு இரண்டு மாதம் முந்தைய பிராங்ஃபர்ட். மில்டன்பெர்கர் இடதுகைக்காரர், சவுத்பா. ஐந்தாவது, எட்டாவது, பத்தாவது ரவுண்டுகளில் விழுந்தார், பன்னிரண்டில் நிறுத்தினார்கள். முடிவை மட்டும் படித்தால் அலிக்குச் சுலபம் போலத் தெரியும். முழுச் சண்டையையும் பாருங்கள். அலியின் ஜாப் (முன்கையால் நேராக நீட்டும் குத்து) வழக்கம்போல விழவில்லை. முன்கால்கள் இரண்டும் ஒரே பக்கம் வந்து மோதுகின்றன, அலி சுற்றுகிற திசையிலேயே ஜெர்மானியரின் இடதுகை காத்திருக்கிறது. மில்டன்பெர்கர் நல்ல வீரர், அதற்கு மேல் இல்லை. அவரே அவ்வளவு தொந்தரவு கொடுத்தார் என்றால் உசிக் என்ன செய்வார்?

அளவில் இருவருக்கும் வித்தியாசமே இல்லை. இருவரும் 6 அடி 3 அங்குலம், கை நீட்டம் இருவருக்கும் 78 அங்குலம். பிறந்த நாள்கூட ஒன்று, ஜனவரி 17. உசிக் ஜோஷுவாவை இரண்டு முறை, ஃபியூரியை இரண்டு முறை, டுபுவாவை இரண்டு முறை ஜெயித்திருக்கிறார், மூவருமே அவரைவிடப் பெரியவர்கள். ஃபியூரியோடு முதல் சண்டையில் உசிக் 223 பவுண்ட் சொச்சம்தான், எதிரே 262. ஒன்பதாவது ரவுண்டில் கயிறுதான் ஃபியூரியைத் தாங்கியது. உங்கள் பக்கத்து சீட்டுக்காரரின் எடை வாதத்துக்குப் பதில் 1966-இல் தேட வேண்டாம், 2024-லேயே இருக்கிறது.

உசிக்குக்கு ஆகாதது உடம்புக் குத்து. அதே சண்டையில் நான்காவதிலிருந்து ஆறாவது வரை ஃபியூரி வயிற்றுக்கு இறங்கியபோது அவர் முகம் மாறியது. இங்கேதான் அலி ரசிகர்களுக்குச் சிக்கல். அலி வயிற்றில் அடிக்கிறவரே இல்லை. அவர் குத்தெல்லாம் தலைக்கு. ஆக, உசிக்கின் பலம் அலியின் பலவீனத்தைத் தொடும், உசிக்கின் பலவீனத்தை அலி தொட மாட்டார்.

என் அட்டை: பன்னிரண்டு ரவுண்டு என்றால் உசிக், ஏழுக்கு ஐந்து. பதினைந்து என்றால் அலி, ஒரே ரவுண்டு வித்தியாசம். கடைசி மூன்று ரவுண்டில் ஆடிப் பழகியவர் அவர்தான். ஆனால் 1971 மார்ச் மாத பிரேசியரை உசிக்குக்கு எதிரே விட்டால் எத்தனை ரவுண்டாக இருந்தாலும் பிரேசியர். வயிற்றில் இடது ஹூக், ரவுண்டு ஏற ஏற வேகம்.


வடபழனிக்காரன்:

அண்ணா, உசிக்கிடம் அலியைத் தோற்க வைத்துவிட்டு பிரேசியரை ஜெயிக்க வைத்தீர்களே. இதை நான் ஆபீசில் எப்படிச் சொல்வது? அலியும் பிரேசியரை இரண்டு முறை ஜெயித்தவர்தானே!


பழைய கிளவுஸ்:

அதைத்தான் சங்கிலி கட்டாதீர்கள் என்றேன்.


இரும்பு மைக்:

ஒரு நிமிஷம். வயிற்றில் இடது ஹூக் அடித்து பிரேசியர் உசிக்கை ஜெயிப்பார் என்றால், கிட்டத்தட்ட அதே உயரம், அதே ஹூக், அதைவிட வேகம், பத்துப் பன்னிரண்டு பவுண்ட் கூடுதல் எடை உள்ள டைசனுக்கு ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?


பழைய கிளவுஸ்:

முதல் ஆறு ரவுண்டுக்குள் என்றால் கொடுக்கிறேன். அதற்கு மேல் உசிக் இன்னும் நின்றுகொண்டிருந்தால்? டில்லிஸ், மிட்ச் கிரீன், போன்கிரஷர் ஸ்மித், டோனி டக்கர் நான்கு பேரும் டைசனோடு கடைசி மணி வரை நின்றவர்கள், உசிக் அவர்களைவிடக் கெட்டிக்காரர். 1990-இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் ஜாபை விடாமல் போட்டபோது டைசனிடம் வேறு வழி இருக்கவில்லை. பிரேசியர் 1966-இல் ஆஸ்கர் போனவேனாவிடம் இரண்டாவது ரவுண்டில் இரண்டு முறை விழுந்து, எழுந்து பத்து ரவுண்டு ஆடி ஜெயித்தார். ஹோம்ஸ் 1979-இல் ஏர்னி ஷேவர்ஸின் வலதுகையில் மட்டமல்லாக்க விழுந்து எழுந்து ஜெயித்தார். டைசன் கீழே விழுந்து எழுந்து ஜெயித்த சண்டை ஒன்று சொல்லுங்கள், என் அட்டையை மாற்றிவிடுகிறேன்.